வீட்டில் சொல்லிவிட்டு வந்தவள்

வேனின் பக்கக் கண்ணாடி முழங்கையில் இடித்தபோது சின்னவளுக்கு முதலில் வலிக்கவே இல்லை. சைக்கிள் ஒருமுறை துள்ளி, கைப்பிடி தன்பாட்டுக்குத் திரும்பி, முன்சக்கரம் நடைபாதையின் விளிம்பில் போய் முட்டி நின்றது. ஒரு காலைத் தேங்கிய தண்ணீருக்குள் ஊன்றிக்கொண்டாள். மழை விட்டபாடில்லை. முன்னால் போன வேன் வேகம் குறைந்து நின்றபோது, இறங்கி வந்து பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தாள். அவள் பக்கமிருந்த கண்ணாடி பாதி இறங்கியது. "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா? சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கத்தியது. கண்ணாடி மறுபடி ஏறியது. தண்ணீரை இரண்டு பக்கமும் வாரியடித்துக்கொண்டு வேன் போய்விட்டது.

சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். அந்தக் குரலிடமே சொல்லிவிட்டு வந்திருந்தாள். காலையில் அவள் படியிறங்கும்போது அத்தான் முகத்தில் சோப்பு நுரையோடு வந்து எட்டிப் பார்த்து, "வானம் சரியில்ல, பாத்துப் போம்மா" என்றிருந்தார். வழியில் மழை பிடித்துக்கொண்டதால் ஒரு கடை வாசலில் வெகுநேரம் ஒதுங்கி நின்று, அது குறைகிற மாதிரி தெரியாததால் அங்கேயே ஒரு நீல ரெயின்கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தலையை மூடிய அந்த நீலத்துக்குள் இருப்பது யாரென்று அவருக்குத் தெரிய வழியில்லை.

கல்யாணம் முறிந்து ஒற்றைப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு அவள் வந்தபோது, எத்தனை நாளைக்கு என்று கேட்காத ஒரே ஆள் அத்தான்தான். மறுநாளே மாடியறையில் அவளுக்கென்று ஓர் அலமாரியை அடித்து நிறுத்தினார். வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்துக் கொடுத்தார். லீவு நாட்களில் அவள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு சங்கிலிக்கு எண்ணெய் விடுவார். மரச்சாமான் கடையொன்றில் டெலிவரி வேன் ஓட்டுகிற அவர் வீட்டில் குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை. தொட்டியில் விழுந்த எறும்பைக்கூட விரல் நுனியில் ஏற்றி வெளியே விடுகிறவர். அந்த வாயிலிருந்தா அது வந்தது?

சாலையில் அவள் கேட்காத பேச்சில்லை. காது கிழிகிற மாதிரி பின்னாலேயே ஹாரன் அடிக்கிறவர்கள், முழங்கால் உரசும் நெருக்கத்தில் தாண்டிப்போய்ச் சட்டென்று குறுக்கே திரும்புகிறவர்கள், ஆள் வருகிறதா என்று பார்க்காமல் காரின் கதவைத் திறந்துவிட்டு, தப்பு அவளுடையது போல முறைக்கிறவர்கள். கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் அவள் முகமில்லாத ஒரு கூட்டமாகவே நினைத்திருந்தாள். அவர்களுக்கு வீடு இருக்கும், அங்கே அவர்கள் சாயங்காலம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வருவார்கள் என்பது அவளுக்குத் தோன்றியதேயில்லை.

மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. சாணையில் விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸ் ஓரத்தில் சில்லு பெயர்ந்தது. பக்கத்து மேசைக்காரி அவள் சட்டைக் கையை மேலே ஒதுக்கிப் பார்த்து, "அய்யோ, எவன்டி இது? வண்டி நம்பரப் பாத்தியா?" என்றாள்.

"பாக்கல" என்றாள் சின்னவள். அது உண்மைதான்.

சாயங்காலம் நனைந்ததையெல்லாம் கழற்றி மாட்டிவிட்டு அவள் கூடத்துக்கு வந்ததுமே, அடிபட்டிருக்கிறாள் என்று அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. முழங்கை அதற்குள் பந்து மாதிரி வீங்கியிருந்தது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, துண்டில் ஐஸ்கட்டியை முடிந்துகொண்டு வந்து, தரையில் மண்டியிட்டு ஒற்றடம் கொடுத்தார். நடந்ததைப் பாதி கேட்கும்போதே அவர் முகம் சிவந்துவிட்டது. "எவன் அவன்? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு அவனுக்கு? நிக்காமயா போனான்?"

"நின்னாரு. திட்டிட்டுப் போனாரு."

"பாவி. எந்த எடத்துல?"

"பாலத்துக்குக் கீழ. தண்ணி நிக்குமே, அங்க."

"அந்த எடமே அப்படித்தான். நானும் காலையில அந்த வழியாத்தான் போனேன். ஒருத்தன் சைக்கிள்ல நட்டநடு ரோட்டுல ஊர்வலம் போறான். ஹாரன் அடிச்சா ஒதுங்கவே மாட்டேங்கறான். ஒரு நீல ரெயின்கோட்ட மாட்டிக்கிட்டு…"

குளியலறைக் கதவில் அந்த ரெயின்கோட் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்வை அதன்மேல் போய் நின்றது. துண்டைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஐஸ் கரைந்து அவள் முழங்கை வழியாக வழிந்து, அவர் மணிக்கட்டில் இறங்கி, தரையில் சொட்டியது. நடந்ததைச் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். இப்போது அவர் கையை இழுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

"நீன்னு தெரியலம்மா" என்றார். குரல் உள்ளேயே போய்விட்டிருந்தது. "சத்தியமாத் தெரியல. நீன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா…"

"தெரிஞ்சிருந்தா ஒதுங்கிப் போயிருப்பீங்க. அது எனக்குத் தெரியும் அத்தான். அது நானா இல்லேன்னா?"

டீயோடு வந்த அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று சிரித்தவள், சமையலறையில் அரைகுறையாகக் காதில் விழுந்ததை நினைத்து, ரெயின்கோட்டையும் கணவன் முகத்தையும் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டாள். டம்ளர்களை மேசையில் வைத்தாள். பிறகு தங்கையிடம், "நீ எதுக்கு நடுரோட்டுல போன?" என்றாள்.

முழங்கையைவிட அது வலித்தது. "ஓரமெல்லாம் தண்ணி. குழி எங்க இருக்குன்னு தெரியாதுக்கா."

"அவரு என்ன, வேணும்னா இடிச்சாரு?"

"இல்ல."

"அப்பறம் என்ன?"

அப்புறம் ஒன்றும் இல்லைதான். அன்று ராத்திரி அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அடுத்து வந்த நாட்களில் சைக்கிளின் கோணிய கைப்பிடியை நேராக்கி வைத்தார், ஆனால் அவள் கண்ணைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். கையை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவள் பஸ்ஸில் போய்வந்தாள். படியிறங்கும்போது "வரேன் அத்தான்" என்றால், உள்ளேயிருந்து "ம்" என்று மட்டும் வந்தது. அக்கா இரண்டு பேர்மேலும் கோபமாக இருந்தாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தன. ஒருநாள் காலையில் அவள்தான் வந்து, "இன்னிக்கு லோடு உங்க பட்டறைப் பக்கமாம். வேன்ல வரச் சொல்றாரு. அடம்பிடிக்காமப் போ" என்றாள். அதை அவரே வந்து சொல்லியிருக்கலாம். இருந்தாலும் சின்னவள் போனாள்.

வேனில் ஏறி உட்கார்ந்தபோது சாலை அவளுக்குப் புதிதாக இருந்தது. உயரத்திலிருந்து பார்க்கையில் எல்லாமே தட்டையாக, ஓசையற்றுக் கிடந்தது. அவள் தினம் சுற்றிப்போகிற பள்ளங்கள் டயருக்கடியில் மெத்தென்று கடந்தன. தூறல் ஆரம்பித்தது. அத்தான் முதுகு சாயாமல், முதல்நாள் வண்டி ஓட்டுகிறவரைப் போல விறைத்து உட்கார்ந்திருந்தார். போன் ஒலித்தது. "எங்கய்யா இருக்க? இங்க கஸ்டமர் என் உயிர எடுக்கறாரு!" என்று கடையிலிருந்து ஓர் இளைய குரல் வண்டி முழுக்கக் கேட்டது. "வந்துட்டேன் சார், வந்துட்டேன்" என்றார். அவர் யாரிடமும் அப்படிக் குழைந்து அவள் கேட்டதில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வளைவு தாண்டியதும் முன்னால் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. சாம்பல் நிற மேல்கோட்டு, கைப்பிடியில் ஆடுகிற சாப்பாட்டுப் பை. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. சாலையின் நடுவில், அவசரமே இல்லாததைப் போல. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. போன் மறுபடி ஒலிக்கத் தொடங்கியது. கொஞ்சம் ஓரமாகப் போனால்தான் என்ன என்று ஓர் எண்ணம் எழுந்தது. அது தன் மனசுக்குள்தான், தன் குரலிலேயேதான் எழுந்தது என்று தெரிந்தபோது சின்னவள் மடியில் கிடந்த கையை இறுக்கிக்கொண்டாள்.

அத்தானின் கட்டைவிரல் ஹாரன்மேல் போய்விட்டுத் திரும்பி வந்தது. போனை அவர் எடுக்கவில்லை. வேகத்தைக் குறைத்து இடைவெளி விட்டார்.

"ஓரத்துல குழி இருக்குமோ?" என்று கேட்டார். அன்றைக்கப்புறம் அவளிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

அவள் எம்பிப் பார்த்தாள். ஓரமெல்லாம் மழைத்தண்ணீர் வழவழவென்று, வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. "தெரியல அத்தான். இங்கேர்ந்து பாத்தா ஒண்ணுமே தெரியல."

பின்னாலிருந்த கார் விடாமல் அடித்தது. வைப்பர் ஒருமுறை போய்வந்தது. சைக்கிளில் இருந்தவர் திரும்பி இவர்களைப் பார்த்தார். நனைந்த ஒரு முகம், இரண்டு கண்கள், அவ்வளவுதான். மறுகணம் இருக்கையைவிட்டு எழுந்து, முழு உடம்பையும் ஒவ்வொரு மிதியிலும் இறக்கி, யாரோ துரத்துவதைப் போல வேகவேகமாக மிதிக்கத் தொடங்கினார். சாப்பாட்டுப் பை அவர் முழங்காலில் மோதி மோதி ஆடியது. வேன் அவருக்குப் பின்னால் மெதுவாகவே போய்க்கொண்டிருந்தது.