நாச்சிமுத்துவைத் தடுக்கும் வேலை

வெண்தாமரை மனமகிழ் மன்றத்துக்குள் நாச்சிமுத்து நுழையாமல் தடுக்கும் வேலை நாச்சிமுத்துவுக்கே கிடைத்தது.

அவர் வேலை கேட்டுப் போகவில்லை. மகள் கீர்த்தனாவைப் பெண் பார்க்க இரண்டு முறை ஆட்கள் வந்தார்கள். இரண்டு முறையும் அவர் இங்கே சீட்டாடிக்கொண்டிருந்தார். இன்று மதியம் மூன்றாவது இடம் வருகிறது. அதனால் ‘இனி என்னை உள்ளே விடக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, காலையிலேயே செயலாளரிடம் கொடுத்தார்.

செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். கண் கலங்கினார்.

“நல்ல முடிவுங்க. ஆனா தடுக்கறது மன்றத்தோட பொறுப்பில்லீங்க. அது உங்க பொறுப்பு.”

பீரோவைத் திறந்து ஒரு காக்கிச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். அளவு சரியாக இருந்தது. சட்டைப் பையின் மேல் அவர் பெயரை ஏற்கெனவே தைத்திருந்தார்கள்.

“ஆள் எப்ப வருவாருங்க?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

“பதினொரு மணிக்கு. ஒரு நாளும் தப்பாது.”

பதினொரு மணிக்கு நாச்சிமுத்து வந்தார். குளித்துத் திருநீறு வைத்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். காக்கிச் சட்டை நாச்சிமுத்து கையை நீட்டி மறித்தார்.

“உள்ள விடறதுக்கில்லீங்க.”

“யாரு சொன்னது?”

“நீங்கதானுங்க.”

சலவைச் சட்டைக்காரர் கொஞ்சம் யோசித்தார். “ஆட வரலீங்க. எழுதிக் குடுத்ததுல தேதி போட மறந்துட்டேன். போட்டுட்டு வந்தர்றேன்.”

அது பொய் என்று காக்கிக்காரருக்குத் தெரியும். காலையில் பல் விளக்கும்போது அவரே யோசித்து வைத்ததுதான். ஆனால் நேரில் கேட்டபோது நம்பும்படி இருந்தது. வழிவிட்டார்.

அரை மணி நேரமாகியும் ஆள் திரும்பவில்லை. கூட்டி வரலாம் என்று உள்ளே போனார். நடை நேற்றைவிட நீளமாக இருந்தது. சுவரில் பத்தடிக்கு ஒரு பலகை. ‘பொறுப்புடன் ஆடுங்கள்.’ போகப் போக ‘பொறுப்புடன்’ சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசிப் பலகையில் ‘ஆடுங்கள்’ மட்டும் ஆளுயரத்துக்கு இருந்தது.

மேசையில் சலவைச் சட்டைக்காரர் பதின்மூன்று சீட்டை விரித்துப் பிடித்திருந்தார். எதிர் நாற்காலி காலி. அதன் முன்னாலும் பதின்மூன்று சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன.

“கிளம்புங்க” என்றார் காக்கிக்காரர்.

“ஒரே ஒரு ஆட்டம். முடிச்சுட்டு வந்தர்றேன்.”

“நின்னுக்கிட்டே எவ்வளவு நேரந்தான் தடுப்பீங்க?” என்றார் செயலாளர். “உக்காந்து தடுங்க.”

உட்கார்ந்தார். சீட்டை எடுத்துப் பார்த்தார். இரண்டு ஜோக்கர். மனசுக்கு இதமாக இருந்தது.

அவர் மனைவி பரிமளா ஆட்டோவில் வந்தாள். வாசலில் தடுக்க ஆளில்லை. நேரே மேசைக்கு வந்து இரண்டு பேரையும் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்துருக்காங்க. பொண்ணோட அப்பா எங்கேன்னு கேக்கறாங்க. ரெண்டுல ஒருத்தர் வந்தாப் போதுமுங்க.”

“அவரைக் கூட்டிட்டுப் போ. அவரு இங்க இருக்கவே கூடாது” என்றார் காக்கிக்காரர்.

“அவரைக் கூட்டிட்டுப் போ. பொறுப்பான மனுசன். சம்பந்தி வீட்டுல அவரைத்தான் பிடிக்கும்” என்றார் சலவைச் சட்டைக்காரர்.

“தோத்தவரு போகட்டுமே” என்றார் செயலாளர்.

இருவருக்கும் நியாயமாகப் பட்டது. இவ்வளவு கவனமாக அவர்கள் என்றைக்கும் ஆடியதில்லை. ஒருவர் சீட்டெடுத்தால் மற்றவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பரிமளா நின்று பார்த்தாள். “கீர்த்தனா காப்பித் தட்டோட நிக்கறாளுங்க” என்றாள். யாரும் நிமிரவில்லை.

சற்று நேரத்தில் வெளியே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. ஒருவழியாக நாச்சிமுத்து வீட்டுக்குப் போய்விட்டார் என்று இருவருக்கும் நிம்மதியாக இருந்தது.