கூடிப்போன ஒரு மின்னூட்டம்

1.

இந்தக் கதை ஓர் அச்சுப் பிழையிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் சுடலைக்கண்ணன். மும்பையில் செம்பூர் ஸ்டேஷன் பக்கம் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன், ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அணுசக்தி நகரில் ஆராய்ச்சி செய்யும் மாரிசெல்வி தன் ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளோடு கடைக்கு வந்தாள்.

மழையில் நனைந்த கொடியைப் போல அவள்

(இந்த வரியை இங்கேயே விட்டுவிடுகிறேன். அவளிடம் குடை இருந்தது.)

2.

தாராவியில் பிறந்தவள். பேச்சு மட்டும் எங்கள் திருநெல்வேலிப் பேச்சு. "இதுல என்ன மேடம் எழுதியிருக்கு?" என்று கேட்டேன். யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"யுரேனியத்து மேல ஆல்ஃபா துகளை வேகமா மோத விட்டா கரு ரெண்டா உடையும் அண்ணாச்சி. அதுல இருந்த மின்னூட்டம் எந்தத் துண்டுக்கு எவ்வளவு போகுதுன்னு பாக்கேன். வேகம் கம்மின்னா சின்னத் துண்டு தன் பங்குக்கு மேல கொஞ்சம் எடுத்துக்கிடும். வேகம் ஏற ஏற அந்தச் சலுகை போயிரும். எடைக்கு ஏத்த பங்குதான்."

"ரெண்டையும் சேத்தா?"

"தொண்ணூத்தி நாலு. உடையுறதுக்கு முன்னாடியே கொஞ்சம் வெளிய போயிருந்தா குறையும். கூடுறதுக்கு வழியே இல்ல."

('அண்ணாச்சி'யை மூன்று முறை அடித்து நீக்கினேன். அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். இருக்கட்டும்.)

3.

அன்று சாயங்காலம் தாள்களை அடுக்கும்போது 117ஆம் பக்க அட்டவணையைப் பார்த்தேன். 38, 56. 40, 54. 42, 52. அடுத்த வரி: 43, 52.

தொண்ணூற்று ஐந்து.

ரசீதில் அவள் நம்பர் இருந்தது. போன் செய்தால் சரியான பக்கத்தை மெயிலில் அனுப்புவாள், நான் மாற்றிவிடுவேன். வெள்ளிக்கிழமை வந்து இரண்டே நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

ஐந்தையும் பிழையோடு பைண்டு செய்தேன்.

(முதல் இரண்டு வரைவுகளில், பிழையை வெள்ளிக்கிழமைதான் கவனித்ததாக எழுதியிருந்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. பொய்.)

4.

வெள்ளிக்கிழமை அவளிடம் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"ஐயோ, அம்பத்தொண்ணு அண்ணாச்சி! அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். இல்லன்னா வைவா பரீட்சை தள்ளிப்போயிரும், ஜெர்மனி வேலையும் போயிரும்."

மணி ஒன்றரை. பக்கத்து சைபர் கபேயில் அச்செடுத்து வந்தாள். நான் பழைய தாளை பிளேடால் கீறி எடுத்தேன். புதிய தாளின் ஓரத்தில் அவள் பசை தடவினாள். இரண்டு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒரு வடாபாவைப் பிய்த்துப் பாதி தந்தாள். ஜெர்மனியில் குளிர் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டாள். நான் தாணேயைத் தாண்டாதவன்.

நாலாவது பிரதியில் கையை நிறுத்தினாள்.

"இத எப்பப் பாத்திய?"

இப்பத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"செவ்வாக்கெழம."

"போன் போட்டிருக்கலாம்லா?"

"போட்டிருக்கலாம்."

"பின்ன ஏன் போடல?"

நான் ஐந்தாவது பிரதியைப் பிரித்தேன். அவள் பசையை எடுத்தாள். ஆட்டோவில் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. 'அண்ணாச்சி'கூட இல்லை.

5.

முடிவு (அ): அவள் மன்னிக்கவில்லை. முடிவு (ஆ): விமானம் ஏறுவதற்கு முன் கடைக்கு வந்தாள், நான் டீ குடிக்கப் போயிருந்தேன். இரண்டும் நான் இட்டுக்கட்டியவை. நடந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி. "சப்மிட் ஆயிட்டு. ஆனா நீங்க பண்ணது தப்பு." இரண்டு நாள் கழித்து இன்னொன்று: "கதை எழுதுவீங்களாமே. சைபர் கபே விஜயராணி சொன்னா. அனுப்புங்க."

எட்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைத்தான்.

அவள் படித்தது இந்தி மீடியம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஜெர்மனியில் அவள் பக்கத்தில் உங்களில் யாராவது இருந்தால், தயவுசெய்து வாசித்துக் காட்டிவிடாதீர்கள். மெதுவாக அவளே படித்து இந்த வரிக்கு வரட்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் நான் எழுதப்போவதில்லை.