பன்றித்தலைக்கு ஒரு சாபம்

எங்கள் கோயில் பங்கில் யார் வீட்டில் பன்றி அடித்தாலும் தலை கொல்லருக்குத்தான். தராதவனை என்ன செய்வதென்று கொல்லருக்குத் தெரியும். இரும்புப் பட்டறைக்கல்லைச் சூரியன் போகும் திசைக்கு எதிராக மூன்று சுற்று திருப்பிச் சபித்தால் போதும், அந்தக் குடும்பம் உருப்படாது. பாதிரியாரின் சாபத்துக்காவது மன்னிப்பு உண்டு, இதற்கு அதுவும் கிடையாது.

இந்த வருஷம் பார்ட்லி கன்சிடைன் இரண்டு பன்றி அடித்தான். ஒரு காதுகூட வரவில்லை. கொல்லர் கோல்மன் டூஹிக்குக் கோபம் தாங்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே கத்திவிட்டார்: "வெள்ளிக்கிழமை கல்லத் திருப்புறேன், பாருங்கடா!"

வாய்தான் திருப்பும். மனிதருக்குக் குடல் இறங்கியிருந்தது. டாக்டரிடம் என் வண்டியில் கூட்டிப்போனதால் எனக்கு மட்டும் தெரியும். சுத்தியல் பிடிக்கலாம், பாரம் தூக்கவே கூடாது. கல்லை அசைக்க முடியவில்லை என்று ஊர் பார்த்துவிட்டால் அப்புறம் அவருக்கு எவன் பயப்படுவான்?

வெள்ளிக்கிழமை ஊரே பட்டறையில் கூடியது. கோல்மன் கல்லில் கை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

"என்ன டூஹி, கல்லு வேர் விட்டுடுச்சா?" என்றான் பார்ட்லி.

அவருக்கு எங்கிருந்துதான் யோசனை வந்ததோ. "இது ஒத்த ஆளு திருப்புற சாபம் இல்லடா. கூட ஒரு ஆளு பிடிக்கணும். எனக்கு ஒரு துரோகமும் பண்ணாதவங்க வாங்க. பொய்க் கை பட்டுச்சுன்னா சாபம் அந்தக் கையிலதான் எறங்கும்."

ஒருவரும் நகரவில்லை. பார்ட்லி கதவைப் பார்த்தான். நான் என் பூட்ஸில் எதையோ தேடினேன். அவருடைய குறடு ஒன்று என் கொட்டகையில்தான் கிடந்தது.

தப்பித்த சந்தோஷம் கோல்மனின் முகமெல்லாம் வழிந்தது. அதோடு விட்டிருக்கலாம். வாசலில் நின்ற மனைவி ஹானோரைக் கூப்பிட்டார்.

"நீ வாடி. திருப்பக்கூட வேணாம், சும்மா தொடு. சுத்தமான கை எப்படி இருக்கும்னு இந்தக் களவாணிப் பயலுக பாக்கட்டும்."

ஹானோர் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். "அடுப்புல உருளைக்கிழங்கு வேகுது," என்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

உருளைக்கிழங்குப் பானை எங்கள் கண்முன்னே மதில்மேல் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. கோல்மனும் அதைப் பார்த்தார்.

இருட்டுவதற்குள் பட்டறை வாசலில் பன்றித்தலைகள் வந்து சேர்ந்தன, பார்ட்லியுடையது முதலில். இனி அவரை எதிர்த்துப் பேச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. எடுத்துவந்த குறட்டை நான் திரும்ப வைக்கப் போனபோது கோல்மன் கல்லின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"வீட்டுக்குப் போகலையா அண்ணே?"

"போகணும்," என்றார். "உருளைக்கிழங்கு வேகட்டும்டா."