கேட்காமல் வரவேண்டிய சாட்சி

எழுபத்தாறாம் வருஷம், எமர்ஜென்சிக் காலம். பீர்மேட்டில் டீக்கடை வைத்திருந்த சங்கையாவுக்கு கொஞ்ச நாளாகக் கடைக்கு வரும் கொச்சிக்காரரைக் கண்டாலே சந்தேகம். மனுஷன் மூலைப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார், ஊர்க்கதையெல்லாம் கேட்கிறார். தானாக ஒரு கேள்வி கேட்பதில்லை. சிஐடியாக இருக்குமோ?

ஜீப் ஓட்டும் குருசாமிதான் குட்டை உடைத்தான். "கொச்சிக்குப் போனப்ப விசாரிச்சேன். அவரு யூதருண்ணே, பேரு எலியா. தங்கச்சி புருசன் தாவீது இந்தப் பக்கம் ஏலக்கா வாங்க வந்தவரு, ஆளையே காணோமாம். செத்தது உறுதியாகாம அந்தப் புள்ளைக்கு மறுகல்யாணம் கெடையாதாம்."

சங்கையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெருமழையில் மண்சரிந்து செத்த அந்த வியாபாரிக்கு, பாதை அறுந்து யாரும் வர வழியில்லாமல், அவர்தானே குழி வெட்டினார்! எலியாவிடம் ஓடினார்.

"ஐயா, ஒங்க தங்கச்சிக்கு நான் சாட்சி சொல்றேன். எங்க கூப்பிட்டாலும் வாரேன்!"

எலியா காதைப் பொத்திக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாம் போச்சு, சங்கையா! எண்ணூறு வருஷம் முன்னாடி மோசே பென் மைமோன்னு ஒரு பெரிய ரபி, மதகுரு, எங்க சட்டத்தையெல்லாம் தொகுத்து வச்சார். புருஷன் தொலைஞ்ச பொண்ணு காலம்பூரா கட்டுண்டு கிடக்கக் கூடாதுன்னு, வேற மதத்தார் வார்த்தையும் செல்லும்னு எழுதியிருக்கார். ஆனா அது பேச்சோட பேச்சாத் தன்னால வரணும். சாட்சி சொல்லணும்னு நினைச்சுச் சொன்னா செல்லாது. அதுக்குத்தானே வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தேன்!"

"கண்ணால பாத்தவன் சொன்னாச் செல்லாதா?"

"செல்லாது. யாரையும் சொல்லச் சொல்லி ஏவவும் கூடாது."

சங்கையா தலையில் அடித்துக்கொண்டார். உதவி செய்யப் போய் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமே! அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அவர் மனைவி சுருளியம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பாலப் பொங்கவிட்டுட்டு மரமாட்டம் நிக்கிற மனுசனப் பாரு! அன்னைக்கும் இப்பிடித்தான். அந்தப் பூனக்கண்ணு தாவீது யாவாரி மண்ணுக்குள்ளருந்து பொணமா வந்தப்ப, குழிய வெட்டிப்புட்டு, தொட மாட்டேன்னு தள்ளி நின்னாரு. மூஞ்சியத் தொடச்சு, கண்ண மூடி, என் கல்யாணச் சீலையப் போத்திவிட்டது யாரு? நானு!"

தான் ஏதாவது சொன்னால் இதுவும் கெட்டுவிடுமோ என்று பயந்து, சங்கையா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

எலியா பெஞ்சிலேயே உடைந்துபோய் அழுதார். "ரிப்கா, என் தங்கச்சி, நீ தப்பிச்சடி, தப்பிச்ச."

சுருளியம்மாள் கூடையைக் கீழே போட்டாள். "யாத்தீ! இவரு யாரு? நான் என்ன சொல்லிப்புட்டேன்?"