தவசிமுத்துவின் வெள்ளைச் சட்டை

மீன் ரத்தமாம். யாரிடம் வந்து சொல்கிறான் பாருங்கள்! காசிமேட்டுப் படகுக்காரர்களின் துணியைப் பதினாலு வருடமாகத் துவைத்துப் பிழைக்கிறவள் நான். மீன் ரத்தம் என்றால் செதிலும் கவுச்சியும் கூடவே வரும். என் புருஷன் தவசிமுத்து, மேலே மாட்டி மறைத்திருந்த ரெயின்கோட்டுக்குள்ளிருந்து கழற்றிப் போட்ட வெள்ளைச் சட்டையில் கவுச்சி துளிகூட இல்லை. மார்பிலிருந்து வலது கை மணிக்கட்டு வரை ரத்தம் மட்டும் இருந்தது.

அன்றைக்குக் காலையில்தான் மீன் ஏலம் விடுகிற ஜெபசிங்கை யாரோ குத்திக் கொன்றிருந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் போலீஸ் வந்து, என் தம்பி பெனிட்டோவைச் சட்டைகூடப் போடவிடாமல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. முந்தின நாள் எடைத் தகராறில் அவனும் ஜெபசிங்கும் கட்டிப் புரண்டதை ஊரே பார்த்திருந்தது. "நான் இல்லக்கா, சத்தியமா நான் இல்லக்கா" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அம்மா போன பிறகு நான் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை அவன்.

"இது மனுஷ ரத்தம்யா" என்றேன்.

தவசிமுத்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தான். "தெரிஞ்சிபோச்சா? சரி, தோச்சுக் குடு."

"நீயா? ஜெபசிங்க நீயா…"

"ஊரு பாக்க என்னிய செருப்பால அட்ச்சான் இல்ல? வேற இன்னா பண்ண சொல்ற?"

"அப்போ என் தம்பி?"

"சின்னப் பையன். உள்ள போனா நாலு வருசத்துல வந்துருவான். நான் போனா உனக்கு நாதி யாரு கீது?"

நாதியாம்! இந்த நாதியால் உடைந்த பல் எனக்கு இரண்டு.

"எரிச்சித் தொலையேன்யா. என்கிட்ட ஏன் எட்தாந்த?"

"அறிவுகெட்டவளே! காலைல இந்த சட்டையோட என்னிய நூறு பேரு பாத்துகிறாங்க. சாயங்காலம் இதே சட்டையப் போட்டுகினு மச்சானுக்காக நான் ஸ்டேஷன் வாசல்ல நிக்கணும். அப்பத்தான் எவனுக்கும் டவுட்டு வராது." இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். "கறை போவல, உன் கழுத்து போவும்."

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

என் அலமாரியில் எல்லாம் இருந்தது. துருவுக்கு எலுமிச்சம்பழமும் உப்பும், இன்ஜின் ஆயிலுக்குப் பாத்திரம் விளக்குகிற சோப்பு. ரத்தத்துக்கு வழி இன்னும் சுலபம். பச்சைத் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அரைமணி ஊறவைத்து, மருந்துக்கடைப் பெராக்சைடை மேலே ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கிளம்பிவிடும். பிறகு சோப்பு போட்டு அலசினால் சட்டை பளிச்சென்று ஆகிவிடும். சட்டை பளிச்சென்று ஆனால் என் தம்பி கொலைகாரன்.

"கெட்டியா புட்ச்சிகினு கீது. கொதிக்கிற தண்ணி வோணும்" என்றேன்.

அவனே எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் அவன் செய்த முதல் வேலை அது. சூடு பட்டால் ரத்தம் நூலோடு வெந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிசாசு வந்து தேய்த்தாலும் போகாது. மாதா மாதம் துணி அலசுகிற எந்தப் பொம்பளைக்கும் இது தெரியும். தன் ஜட்டியைக்கூட ஒருநாள் கசக்கியறியாத இந்த மகராசனுக்கு எங்கே தெரியப் போகிறது?

தண்ணீர் தளபுளவென்று கொதித்தது. சட்டையை உள்ளே போட்டுக் கழியால் அமுக்கினேன். அவன் பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். எனக்கு உயிரே போய்விட்டது.

"யோவ், அத்தப் போட்டா துணி பொத்தலாயிடும். பொத்த சட்டையோடயா போயி நிப்ப?"

டப்பாவைக் கீழே வைத்தான். கால்மணி கழித்துக் கழியால் சட்டையைத் தூக்கிப் பார்த்தான். சிவப்பாக இருந்த கறை காப்பி டிகாஷன் நிறத்துக்கு மாறியிருந்தது.

"தேய்டி."

தேய்த்தேன். கல்லில் அடித்தேன். இம்மியும் அசையவில்லை. அவன் மூலையில் இருந்த பக்கெட்டைப் பார்த்தான். படகுக்காரர்களின் துணி அதில் பச்சைத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கெட்டைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"தினம் பச்சத்தண்ணிலதானேடி ஊற வெப்ப?"

பதில் சொல்ல விடவில்லை. தலைமயிரைப் பிடித்து என் முகத்தைத் துவைக்கிற கல்லில் மோதினான். மூக்கு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது தடவை மோதினான். சட்டையை மட்டும் நான் விடவில்லை. மூஞ்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். விலாவில் உதைத்தான். சட்டையைப் பிடுங்கக் குனிந்தவனின் கட்டை விரலைப் பல் நறநறக்கக் கடித்தேன். அவன் அலறிக்கொண்டு, நாற்காலியில் வைத்திருந்த கத்தியை எடுக்கத் திரும்பினான். அடுப்பிலிருந்த குண்டானை வெறும் கையால் தூக்கி அப்படியே அவன் இடுப்புக்குக் கீழே கவிழ்த்தேன். என் கையும் வெந்தது. வேகட்டும்! அவன் தரையில் புரண்டு துடித்ததைப் பார்த்து எனக்கு ஒரு சொட்டுப் பரிதாபம் வரவில்லை. பதினாலு வருடத்துக்கு அது கம்மி.

சட்டையை அள்ளிக்கொண்டு, தாழ்ப்பாளைத் திறந்து, செருப்பில்லாமல் நடு மத்தியான வெயிலில் ஓடினேன். தெருவே பார்த்தது.

ஸ்டேஷனில் பெனிட்டோ பனியனோடு சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் "அக்கா" என்று அழுதான். நான் இன்ஸ்பெக்டர் மேஜைமேல் சட்டையை விரித்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் சட்டையையும் என் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, உன் மூக்குலேர்ந்து கொட்டுற ரத்தமே சட்டை பூரா கீது. புருஷன் பொஞ்சாதி சண்டையில ஆன கறைய எடுத்தாந்து கொலக் கேசுன்றியா? ரெண்டுல எது ஜெபசிங்கோடது, நீயே சொல்லு பாப்போம்."

மேஜைமேல் இருந்த குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து, கையோரத்தில் என் ரத்தம் சொட்டியிருந்த இடத்தில் ஊற்றிக் கசக்கினேன். சிவப்பு கரைந்து அவர் ஃபைல்மேல் ஓடியது. அடியில் காப்பி நிறக் கறை அப்படியே இருந்தது.

"போறது என்னுது சார்," என்றேன். "போவாதது ஜெபசிங்குது. என் தம்பிய எழுந்திரிக்கச் சொல்லுங்க."