குளிர் போதாத காலை

“உங்கம்மா பொய் சொல்லுவாங்களா பாப்பா?” என்று ஊர்த்தலைவர் கவ்ரீல் அந்தக் காலைக்கு முந்தின நாள் என்னிடம் கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன். யார் என்ன கேட்டாலும் அப்படித்தான்.

அம்மா அக்குலீனா ஊர் வானிலை நிலையத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குளிரை அளந்து எழுதுகிறவள். பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்களிடம் மைனஸ் அறுபத்தாறு புள்ளி நான்கு டிகிரி என்ற சாதனை இருந்தது. அதற்காகவே அவர்களைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். இங்கேயும் வருவார்கள் என்று கவ்ரீல் கையிலிருந்ததையெல்லாம் போட்டு விடுதி கட்டினார். எட்டு அறைகளும் காலி. அந்தச் சாதனையைவிட ஒரு புள்ளியாவது கூடுதலாகக் குளிர்ந்தால்தான் அவருக்கு விடிவு.

அன்று காலை ஆறு மணிக்கு அறுபத்தாறு புள்ளி மூன்று. கவ்ரீலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒன்பது மணி அளவைப் பார்க்க ஊரையே அழைத்தார். நகரத்திலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் முன்தினமே வந்திருந்தார்கள். ஐம்பத்தைந்தைத் தாண்டினால் பள்ளிக்கூடம் கிடையாது என்பதால் பிள்ளைகளும் வந்தார்கள். படிப்பை நிறுத்திவிட்ட எனக்கு மட்டும் அதில் லாபமில்லை.

எல்லோரும் வண்டியில் வந்தார்கள். எங்கள் ஊரில் அக்டோபரில் கிளப்பிய வண்டியை ஏப்ரலில்தான் அணைப்போம். நடுவில் அணைத்தால் மறுபடி உயிர் வராது. இருபது வண்டிகள் வெப்பமானி இருக்கும் அளவுப் பெட்டியைச் சுற்றி உறுமிக்கொண்டு நின்றன. புகை அப்படியே மூடுபனியானது. யாராலும் வண்டியைப் பின்னால் எடுக்க முடியவில்லை.

அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள். “அறுபத்தஞ்சு புள்ளி எட்டு.”

“என்னக்கா இது, கூடணும்ல? குறையுது!” என்றார் கவ்ரீல்.

“இத்தனை அடுப்பை மூட்டி வச்சா? வண்டியை அணைக்கச் சொல்லு.”

கவ்ரீல் கத்தினார். “அஞ்சே நிமிஷம்! ஊருக்காக அணைங்கப்பா!”

“மொதல்ல நீ அணை தலைவரே, பின்னாடியே நாங்க வர்றோம்” என்றார் விறகு வெட்டும் புரோக்கோப்பி.

கவ்ரீல் ஓடிப்போய்த் தன் வண்டியை அணைத்தார். வேறு யாரும் சாவியைத் தொடவில்லை.

மணி ஒன்பது. “அறுபத்தஞ்சு புள்ளி ஒம்போது” என்றாள் அம்மா.

கவ்ரீல் அவள் காதருகே குனிந்தார். “ஆறே புள்ளிக்கா. வண்டிங்க இல்லேன்னா வந்திருக்கும்னு உனக்கே தெரியும். அது பொய்யா?”

“பொய்யில்ல தம்பி. ஆனா நான் பாக்கலையே.”

பென்சிலால் எழுதினாள்.

தொலைக்காட்சிப் பெண் அவரிடம் மைக்கை நீட்டினாள். “இன்னிக்கு இவ்வளவு இதமா இருக்கும்னு எதிர்பார்த்தீங்களா சார்?”

கவ்ரீல் அவளைப் பார்த்தார். சத்தமில்லாமல் நின்ற தன் வண்டியைப் பார்த்தார். தொப்பியின் காதுகளை இழுத்துக் கட்டிக்கொண்டு, மூடுபனிக்குள் நடந்தே போய்விட்டார்.