சீட் கவருக்குப் பொருத்தமான மூடி

அண்ணன்காரருக்குக் கார் ஓட்டுவதைவிடக் காரைப் பற்றிப் பேசுவதில்தான் ருசி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார், ஆபரேஷன் பண்ணும் டாக்டர் கெட்டார். கை மட்டும் உள்ளே போகாது. பேச்சு போகும். அப்பா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டுப்போன கார் அது. பொது என்பதெல்லாம் பேச்சுக்கு. சாவி அண்ணன் இடுப்பில்.

தங்கை மலைப்பாதையைத் தாண்டி அடுத்த ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் கடையைத் திறக்க வேண்டியவள் அவள்தான். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. கொஞ்ச நாளாக, ஏற்றத்தில் பாதி போவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. ஓரங்கட்டி, ஆறவைத்து, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் பச்சைக் கூலண்ட்டை ஊற்றிப் போய்ச் சேர்ந்தால் ஷட்டர் முன்னால் ஒரு கூட்டமே முறைத்துக்கொண்டு நிற்கும். முதலாளி சொல்லிவிட்டார்: இன்னொரு தரம் லேட்டானால் கடைச் சாவி வேறு ஆள் கைக்குப் போகும்.

அண்ணன் வாசலில் ஒரு மாநாடு கூட்டினார். ஜென்மத்தில் சைக்கிள் தவிர வேறெதையும் மிதித்தறியாத எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர், "வாட்டர் பம்ப்" என்று தீர்ப்பு எழுதினார். மூலைவீட்டு இன்சூரன்ஸ்காரர் துக்கம் விசாரிக்கும் குரலில், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார்" என்றார்.

"வெள்ளைப் புகை வரல. ஆயிலும் பால் மாதிரி ஆகல. கேஸ்கெட் எப்படிப் போயிருக்கும்?" என்றாள் தங்கை.

மூன்று பேரும் நாற்காலி வாய் திறந்து பேசிவிட்டதைப்போல அவளைப் பார்த்தார்கள்.

அண்ணன் காருக்கு அடியில் விரித்திருந்த அட்டையை உருவிக் காட்டினார். "ராத்திரி பூரா கிடந்துச்சு. ஒரு சொட்டு இல்ல. அப்ப ஒழுகல. நான் கடைத்தெருவுக்கு எடுத்தா சூடாகுதா? இல்ல. இவ எடுத்தா மட்டும் கொதிக்குது. கோளாறு வண்டியில இல்ல, ஓட்டுற கால்ல. நாளையிலேர்ந்து சாவி கிடையாது."

"நீங்க போற கடைத்தெரு இந்தத் தெரு முனையில இருக்கு அண்ணா. இன்ஜின் கண்ணு முழிக்கறதுக்குள்ள திரும்பி வந்துடுறீங்க."

உள்ளேயிருந்து அண்ணி சிரித்த சத்தம் கேட்டது. பாத்திரத்தைத் தட்டி அதை மறைத்தார்.

தங்கை திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கூலண்ட் ரிசர்வ் டப்பாவிலிருந்து தொங்கும் சின்னக் குழாயின் வாயில் பச்சைக் கறை காய்ந்திருந்தது. பக்கத்துத் தகடெல்லாம் தெறிப்பு. நிற்கும்போது ஒழுகாமல், ஓடும்போது கொதித்து வெளியே தள்ளுகிறது. அட்டையில் சொட்டு எப்படி விழும்?

"மெக்கானிக்கிட்ட ஒரு தடவை காட்டுவோம். அவரும் என் கால்தான்னு சொல்லட்டும், சாவியே கேக்கல."

தன் தீர்ப்புக்கு முத்திரை கிடைக்கப்போகிறது என்ற சந்தோஷத்தில் அண்ணன் கிளம்பிவிட்டார்.

எல்லோர்மேலும் எரிந்து விழுவதால் தெருவே 'வள்வள்' என்று பட்டம் கொடுத்திருந்த அந்த மெக்கானிக், ஆறிய ரேடியேட்டரின் மூடியைக் கழற்றி, வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தார். பம்பில் அழுத்தம் காட்டும் முள் ஏறி, அசையாமல் நின்றது.

"எங்கயும் ஒழுகல. போங்க."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அண்ணன்.

"மூடியையும் மாட்டி அடிச்சுப் பாருங்களேன்" என்றாள் தங்கை.

"இங்க மெக்கானிக் யாரு, நீயா நானா?" என்று கடித்தாலும் மூடியைப் பம்பில் மாட்டினார். முள் ஏற ஏற விழுந்தது. அப்போதுதான் மூடியை நேராகப் பார்த்தார். ரத்தச் சிவப்பு, பளபளப்பு. "இதை எவன் போட்டது?"

அண்ணன் கூரையில் எதையோ தேடினார்.

"சீட் கவர் சிவப்பாம். அதுக்கு மேட்ச்சா இருக்கட்டும்னு அண்ணன்தான் போன மாசம் வாங்கிப் போட்டாரு" என்றாள் தங்கை, ஒவ்வொரு சொல்லையும் சப்பி ருசித்து.

"வேற வண்டி மூடிய்யா இது! வாயில சரியா உக்காரவே இல்ல. மூடி அழுத்தத்தைப் பிடிச்சாத்தான் கூலண்ட் சூட்டைத் தாங்கும். இது பிடிக்கல, ஏத்தத்துல கொதிச்சு வெளிய ஓடுது. நகை மாட்டுற இடமா இது? பழசு எங்க?"

பழசு அண்ணனின் மேஜையில், மின்விசிறிக் காற்றில் செய்தித்தாள் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருந்தது. தங்கை ஓடிப்போய் எடுத்து வந்தாள். அதைப் பம்பில் மாட்டியதும் முள் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது.

மறுநாள் காலை தங்கை கையை நீட்டினாள். "சாவி."

"நானும் மூடியைத்தான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள நீ..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"குடுங்க, அவளுக்கு நேரமாவுது" என்றார் அண்ணி.

சாவி இடுப்பைவிட்டு இறங்கியது. ஏற்றம் முழுக்க முள் நடுவிலேயே நின்றது. முதல் ஆள் வருவதற்குள் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டாள்.

இங்கே வீட்டில், செய்தித்தாள் அறை முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. அண்ணன் பின்னாலேயே குனிந்து குனிந்து பொறுக்கினார்.

"அந்தச் சிவப்பு மூடியை மேல வைக்கலாமே?" என்றார் அண்ணி.

"வச்சுப் பாத்தேன். கனம் பத்தல."